இலவசம் என்று எழுதி வைத்தால் போதுமா?



நம் தீவுகளில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர்களைப் பற்றி இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது. கூலி உயர்வு, கப்பல் டிக்கெட், வீட்டுமனை என்று பேசும் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இடம் உண்டு. நாம் கடல் கடந்து வந்து ரோடு போட்டதும், ரப்பர் பால் வடித்ததும், ஜெட்டியில் மூட்டை சுமந்ததும் நம் பிள்ளைகளும் அதே மூட்டையைச் சுமக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அவர்கள் மேலே ஏறுவதற்கு நம்மிடம் உள்ள ஏணி பள்ளிக்கூடம் ஒன்றுதான். அந்த ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பவர் ஆசிரியர். அவர் கை தளர்ந்தால் விழுவது நம் பிள்ளை.

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,80,581 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்த இடம் நம்முடையது. ஆகவே நாம் சலுகைக்குக் கையேந்தும் கூட்டமல்ல. இந்தத் தீவுகளைக் கட்டிய மக்களில் ஒரு பகுதி.

அண்மைக்காலமாக ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. “ஆசிரியர்களுக்கு என்ன குறை? பாடம், படம், பயிற்சி எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே! தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே!” என்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவதால் அதுவே பொய்யாகிப் போகிறது. இரண்டு பாதிகளையும் எடுத்துப் பார்ப்போம்.

கிடைப்பது என்ன?

முதலில் உண்மையான பாதி. கிடைப்பது கொஞ்சமல்ல.

மத்திய அரசின் தீக்ஷா 2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில் தொடங்கப்பட்டது. பாட வாரியாக விளக்கப் படங்களும் பயிற்சி வினாக்களும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளும் அதில் உள்ளன, தமிழிலும் உள்ளன. 2018 முதல் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைச் சதுரக் கட்டம் ஒன்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்கான படம் திறக்கும். அந்தப் பாடநூல்களையே முழுமையாக இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். 2023-இல் வந்த மணற்கேணி என்னும் செயலியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பாட விளக்கப் படங்கள் இருக்கின்றன.

சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கதைப் புத்தகம் வேண்டுமா? பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் படக்கதைகள் தமிழில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பவர், தட்டுத் தடுமாறிப் படிப்பவர், சரளமாகப் படிப்பவர் என்று படிநிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். அச்சடிக்கலாம்; மொழிபெயர்க்கலாம்; நம் ஊருக்கு ஏற்றாற்போல மாற்றவும் செய்யலாம்.

அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்கு பெட் என்ற சேகரம் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கம்பியை இணைத்தால் பல்பு எரியும், கழற்றினால் அணையும். எல்லாம் திரையில். சோதனைச் சாலையே இல்லாத பள்ளியிலும் மின்சுற்றைக் காட்டிவிடலாம். பல சோதனைகளுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. திரையே இல்லையென்றால்? அதற்கும் ஆள் இருக்கிறார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லித் தந்த அர்விந்த் குப்தா, தம் புத்தகங்களையும் படங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

தமிழ் இலக்கியத்துக்கோ குறைவே இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து பிழை திருத்திச் சேர்த்த களஞ்சியம். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக் கழகம் என்ற பெயரில் மின்நூலகம் நடத்துகிறது. 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஒளிப்படி எடுத்து எல்லாருக்கும் திறந்து வைக்கும் ‘நூலகம்’ 2005-இல் தொடங்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தம் பாட்டன் வாழ்ந்த மலையகத்தைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் அங்கே படிக்கலாம்.

இத்தனையும் உழைப்பு. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், தொண்டர்கள் ஆகியோரின் உழைப்பு. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை.

சொல்லாமல் விட்ட பாதி

இனி மற்றப் பாதி.

நான் ரயில்வே குமாஸ்தா. ரயிலே ஓடாத தீவில் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்து தரும் உத்தியோகம். என் ஜன்னலுக்கு வரும் தொழிலாளி, “நாட்டில் எத்தனை ரயில் ஓடுகிறது?” என்று கேட்பதில்லை. “கப்பலை விட்டுச் சென்னையில் இறங்கினால் எனக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும்?” என்றுதான் கேட்கிறார். நூறு வண்டி ஓடினாலும் இணைப்பு வண்டி தெரியாதவன் பிளாட்பாரத்தில்தான் படுத்துக் கிடப்பான். நம் ஆசிரியர்களின் நிலை இன்று அதுதான்.

முதல் சிக்கல் பாடத்திட்டம். நம் தீவுகளின் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.யோடு இணைந்தவை. அந்தத் திட்டத்துக்குரிய என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் பல பத்தாண்டுகளாக ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மூன்று மொழிகளில்தான் வெளிவந்திருக்கின்றன. தமிழில் குவிந்து கிடக்கும் இலவசப் பாடங்களோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியவை. ஒளிச்சேர்க்கையும் பின்னமும் எங்கும் ஒன்றுதான். ஆனால் அங்கே எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், என்ன கலைச்சொல்லில் இருக்கின்றன என்பது வேறு. தமிழ்வழி வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பாடநூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாமே ஒப்பிட்டுத் தேட வேண்டும். தீவுக்குத் தீவு ஒவ்வொரு ஆசிரியையும் இதே வேலையைத் தனித்தனியாகச் செய்கிறார். ஒருமுறை செய்து எல்லாருக்கும் தர வேண்டிய வேலை இது. இதைச் செய்ய வேண்டிய இடம் கல்வித் துறையா, ஆசிரியையின் அடுக்களையா?

இரண்டாவது சிக்கல் நேரம். எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்த ஓர் ஆசிரியை சொன்னார்: “அண்ணே, பள்ளி விட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு பத்து மணிக்குத்தான் கைப்பேசியை எடுக்கிறேன். பாதிப் படம் இறங்குவதற்குள் அன்றைக்குரிய டேட்டா தீர்ந்துவிடுகிறது.” கைப்பேசி அவருடையது. ரீசார்ஜ் காசு அவருடையது. இரவுத் தூக்கமும் அவருடையது. இதில் இலவசம் எங்கே இருக்கிறது? ஆலையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கேட்கிறோம். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் மட்டும் நடு இரவில் ஓசியில் உழைக்க வேண்டுமா? ஆசிரியரும் தொழிலாளி என்பதை நாம் முதலில் ஏற்றுக்கொள்வோம்.

மூன்றாவது சிக்கல் கடல். சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளை நம்பிக் கிடந்த நமக்கு அது பெரிய வரவுதான், மறுக்கவில்லை. போர்ட் பிளேர் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்), சுவராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய எட்டு இடங்களின் பெயரை அறிவித்தார்கள். ரப்பர் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் கச்சால் அந்தப் பட்டியலில் இல்லை. 2004 சுனாமியில் பிணங்களை எண்ணிய தீவு அது. கேபிள் கரையேறிய ஊரிலும், கரையிலிருந்து வகுப்பறை வரை வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

பாடத்திட்டம், நேரம், கடல் என்ற இந்த மூன்று சுவர்களையும் தாண்டக்கூடியவர் யார்? வீட்டில் கணினி வைத்திருப்பவர், ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர், நகரத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவர். ஆக, இலவசம் என்பது ஏற்கனவே வசதி உள்ளவருக்கே போய்ச் சேர்கிறது. கதவைத் திறந்து வைத்தோம் என்று பெருமை பேசுகிறவர்கள், கதவு வரைக்கும் பாதை போட்டோமா என்று சொல்வதில்லை.

எது இலவசம், எது பொது?

இங்கே ஒரு நுணுக்கத்தை ஆசிரியர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இலவசமாகப் பார்க்கலாம் என்பது வேறு. நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம் என்பது வேறு. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை இணையத்தில் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். ஆனால் நாமாக அச்சடித்து வெளியிட உரிமை இல்லை. ஸ்டோரிவீவர் கதைகளை அச்சடிக்கவும் மாற்றவும் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் போட வேண்டும். இப்படி உரிமையோடு தரப்படும் பாடப் பொருள்களைத் திறந்த கல்வி வளங்கள் என்கிறார்கள். 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் பிறந்த பெயர் அது. 2019-இல் யுனெஸ்கோ நாடுகள் அனைத்தும் இதை வளர்க்க வேண்டும் என்று பரிந்துரையே நிறைவேற்றின.

இது நமக்குப் புதிதா? இல்லை. பாரதியின் எழுத்துக்கள் தனியார் கையில் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையை வாங்கியது. பிறகு அதை மக்களுக்கே பொதுவாக்கியது. எந்தப் பள்ளியும், எந்தச் சங்கமும், எந்த அச்சுக்கூடமும் யாரையும் கேட்காமல் பாரதியை அச்சிடலாம் என்றானது. அதன்பின் எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. அறிவைப் பொதுவாக்கும் வழியைத் தமிழன் முன்பே கண்டவன். அதே வழியில்தான் இன்று பாடப் பொருள்களையும் கேட்கிறோம்.

இன்னொன்று. பெயரளவில் இலவசம் என்று சொல்லி வலை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். இலவசச் சான்றிதழ் தருகிறோம் என்று கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். பிறகு ரகசிய எண்ணைக் கேட்பார்கள். கடைசியில் கட்டணம் கேட்பார்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் கேட்கும் எந்த இடத்துக்கும் பெற்றோரைக் கேட்காமல் ஆசிரியர்கள் கொடுக்கக் கூடாது. படத்தில் சொல்வதெல்லாம் சரி என்றும் நம்பிவிடக் கூடாது. இயந்திரம் மொழிபெயர்த்த பாடங்கள் இப்போது பெருகி வருகின்றன. அவற்றில் தமிழும் பிழை, சில வேளை கணக்கும் பிழை. முதலில் ஆசிரியர் முழுவதும் பார்க்க வேண்டும். பிறகுதான் வகுப்பில் காட்ட வேண்டும். அதற்கும் நேரம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு உள்ள வாய்ப்புகள்

பாடப் பொருள் தவிர, ஆசிரியர்களின் சொந்த முன்னேற்றத்துக்கும் வாய்ப்புகள் உண்டு. பலருக்கு இவை எட்டுவதில்லை. மத்திய அரசின் நிஷ்டா பயிற்சி 2019-இல் தொடங்கி 2020 முதல் தீக்ஷா வழியாகவும் நடந்தது. 2017-இல் தொடங்கிய ஸ்வயமில் பல்கலைக்கழகப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு முன்பெல்லாம் மேலிடம் பரிந்துரைக்க வேண்டும். 2018 முதல் ஆசிரியர் தாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வெள்ளிப் பதக்கமும் 50,000 ரூபாயும் தருகிறார்கள். அதிகாரியின் தயவுக்காகக் காத்திருந்த காலம் போயிற்று. நம் தமிழ்வழி ஆசிரியர்கள் ஏன் விண்ணப்பிக்கக் கூடாது?

வாங்குவது மட்டுமல்ல, கொடுக்கவும் வழி இருக்கிறது. 2020 ஏப்ரலில் வித்யாதான் என்ற ஏற்பாட்டின்கீழ் ஆசிரியர்களிடமிருந்தே தீக்ஷாவுக்குப் பாடப் பொருள்களைக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்து எழுதும் பாடத்தில் காவிரி வரும், மெரினா வரும். நம் பிள்ளை தினம் பார்க்கும் பவளப்பாறையும் அலையாத்திக் காடும் நிலநடுக்கமும் யார் எழுதி வரும்? அவற்றை நேரில் கண்டு பாடமாக எழுதக்கூடியவர்கள் நம் தீவு ஆசிரியர்கள்தான். அதை எழுதினால் தூத்துக்குடிப் பிள்ளையும் படிக்கும். மட்டக்களப்புப் பிள்ளையும் படிக்கும்.

நம் கோரிக்கைகள்

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. 2009 கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. 2023 ஜூலையில் சி.பி.எஸ்.இ.யே இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகப் பயன்படுத்தலாம் என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சட்டம் நம் பக்கம். ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவை:

1. பாடப் பொருள் தேடவும் தயாரிக்கவும் வாரத்தில் இரண்டு பாடவேளைகளைப் பணி நேரமாகவே ஒதுக்க வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழிற்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. இந்த நேரத்தையும் அந்த 50 மணியில் கணக்கிட வேண்டும்.

2. தமிழ்வழிப் பிரிவு உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் இணைய வசதியோடு ஒரு கணினியும் அச்சுப் பொறியும் ஆசிரியர்களின் உபயோகத்துக்கு வேண்டும். ஆசிரியரின் சொந்த ரீசார்ஜில் அரசுப் பள்ளி நடக்கக் கூடாது.

3. நம் பாடநூலின் எந்தப் பாடத்துக்குத் தமிழில் எந்தப் படம், எந்தச் சோதனை, எந்தக் கதை பொருந்தும் என்று வகுப்பு வாரியாக இணைப்பு அட்டவணை ஒன்றைக் கல்வித் துறை வெளியிட வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஊதியத்தோடு அந்த வேலையைத் தர வேண்டும்.

4. கேபிள் எட்டாத தீவுகளுக்கு, பகிர அனுமதி உள்ள பாடங்களை ஹார்டு டிஸ்கில் ஏற்றி ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கப்பலில் அனுப்ப வேண்டும். பெட் சோதனைகள் இறக்கி வைத்தால் இணையமின்றி ஓடும். தீக்ஷாப் பாடங்களும் அப்படியே. கடலடிக் கேபிள் போகாத இடத்துக்குக் கப்பல் போகிறதல்லவா?

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை மனுவோடு நம் கடமை தீர்ந்துவிடாது. சங்க நூலகத்தில் இருக்கும் ஒரு கணினியை ஞாயிறுதோறும் ஆசிரியர்களுக்கென்று ஒதுக்குவோம். படித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் இளைஞர்களில் இருவர் அருகில் உட்கார்ந்து இறக்கித் தரட்டும். எந்த ஆசிரியர் எதைக் கண்டெடுத்தாலும் பாடத்தின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு வருடத்தில் அந்த நோட்டே இணைப்பு அட்டவணையின் முதல் பிரதி ஆகிவிடும். நிர்வாகம் முடியாது என்று சொன்னால் அந்த நோட்டை மேஜைமேல் வைத்து, “நாங்கள் செய்துவிட்டோம், உங்களால் ஏன் முடியாது?” என்று கேட்கலாம். படக்கதைகளைச் சங்கச் செலவில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, தைத்து, தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுப்போம். வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்வழிப் பிரிவில் தரம் இல்லை என்று சொல்லிப் பிள்ளையை எடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் குறைந்தார்கள் என்று சொல்லிப் பிரிவை மூடப் பார்ப்பார்கள். மூடிய பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகக் கற்கட்டும். தாய்மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இன்னொரு மொழி சுமையாகாது. ஆனால் தரம் குறைந்தது என்று குற்றம் சாட்டும் முன், அந்த ஆசிரியையின் கையில் நாம் என்ன கொடுத்தோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். பள்ளி நிர்வாகக் குழுவில் உறுப்பினராக உள்ள பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக இதையே எழுப்புங்கள்: “எங்கள் ஆசிரியர்களுக்குத் தேட நேரம் உண்டா? இறக்கக் கணினி உண்டா?” பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஊருணியில் தண்ணீர் நிறைந்திருப்பது நல்லதுதான். ஆனால் படித்துறையும் குடமும் இல்லாதவன் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் உலை கொதிக்காது. தண்ணீர் இருக்கிறது, தோழர்களே. படித்துறை கட்டச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்போம். குடத்தை நாமே எடுத்துக்கொண்டு இறங்குவோம்.